ராஜகீழ்ப்பாக்கம் தனசிங் கேழ்வரகுக் கஞ்சி குடித்தது சம்பந்தமாக

1969ஆம் வருஷம் மே மாதம் 16ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காவல் நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டர் முன்பாகச் சொல்லி எழுதிக்கொள்ளப்பட்டது.

என் பெயர் தனசிங். தகப்பனார் பெயர் அசரியா. வயது 54. இருப்பு ராஜகீழ்ப்பாக்கம். குரோம்பேட்டையில் ஒரு தோல் கிடங்கில் டைம்கீப்பர். படிப்பு எட்டாவது. ஒன்பதாவதில் இரண்டு வருஷம் உட்கார்ந்ததைப் படிப்பில் சேர்க்க முடியாது என்று சப் இன்ஸ்பெக்டர் சார் சொல்லிவிட்டார்.

சென்ற வருஷம் எனக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் பழையபடி திரும்பிவிட்டது. தொண்டை திரும்பவில்லை. மூச்சுக்குழல் மேல் ஒரு கதவு உண்டாம், விழுங்கும்போது அது சாத்திக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். என் கதவு சர்க்கார் ஆபீஸ் கதவு மாதிரி, ஆள் உள்ளே போன பிறகுதான் அசைகிறது. தண்ணீர் வேகமாக ஓடி நெஞ்சுக்குள் இறங்கிவிடும். கெட்டியானது மெதுவாகப் போவதால் கதவுக்கு அவகாசம் கிடைக்கும். ஆகவே என் மகள் கிருபா கேழ்வரகுக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, மோர் விட்டு, மருந்து பாட்டிலில் கொடுத்தனுப்புவாள். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு மூடி அளவு வாயில் விட்டு, முகவாய் மார்பில் முட்டக் குனிந்து விழுங்கி, பிறகு வெறும் வாயால் இன்னொரு தடவை விழுங்க வேண்டும். நடுவில் பேசக் கூடாது.

கிருபாவுக்கு, வாத்தியார் சாலமோன் மகனோடு கல்யாணம் நிச்சயமாகி, எங்கள் சபைக் கோயிலில் ஆட்சேபணை உண்டா என்று கேட்கும் கல்யாண அறிவிப்பு, அதாவது ஓலை, இரண்டு வாசித்தாயிற்று. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாதிரியாரான ஐயர் மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டும். அதை வாசித்தால்தான் கல்யாணம்.

இன்று காலை நானும் சாலமோனும் ஜவுளி எடுக்கத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அவர் பேப்பர் வாங்கப் போனார். அதன் பிறகு நான் பெஞ்சில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒரு மூடி ஊற்றிக்கொண்டேன். எதிரே வருகிறவர்கள் சௌக்கியம் விசாரித்தால் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் திரும்பினேன். அப்போது ஏட்டு சாம்பசிவன் வந்து, "இன்னாயா, பட்டப்பகல்ல சுண்டக்கஞ்சியா?" என்று, சோற்றைப் புளிக்கவைத்த சாராயமாக நினைத்துக் கேட்டார். வாயில் கஞ்சி இருந்ததால் நான் குனிந்தபடியே இரண்டு தடவை விழுங்கினேன். அதைத் திருட்டு முழி என்று எழுதியிருக்கிறார். வெயிலில் மோர் புளித்து வாடை வந்தது வாஸ்தவம். மோர் புளிப்பதற்கு மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனை உண்டா என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் பேசினேன். பக்கவாதத்துக்குப் பிறகு என் நாக்கு சற்றுக் குழறும். அவருக்கு அதுவே போதுமாயிருந்தது. டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, "வாய் வைக்காம அண்ணாந்து குடி, போதை தெளியும்" என்றார். தண்ணீர் எனக்கு ஆகாது என்றேன். "தண்ணி ஆவாத மனுசன் எந்த ஊர்ல கீறான்?" என்று கேட்டு, என் தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றினார். எனக்குக் கூடவே கூடாத நிலை அதுதான். மூக்கால் வந்தது, மூச்சு நின்றது, கண் இருண்டு பெஞ்சோடு விழுந்தேன். போதையில் தள்ளாடி விழுந்தான் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஒரு மனுஷனை மூழ்கடித்துவிட்டு அவன் ஈரமாயிருக்கிறான் என்று கேஸ் போடுவது எனக்கு விளங்கவில்லை.

சாலமோன் திரும்பி வந்து நான் கிடந்ததைப் பார்த்தார். ஏட்டு என்னை இங்கே கொண்டுவந்தபோது ஸ்டேஷன் வாசல் வரை கூட வந்தார். "சம்பந்தி, இந்தப் பழக்கம் உண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஐயர்கிட்ட ஓலையை நிறுத்தச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு இருமல் நிற்காததால் பதில் சொல்ல முடியவில்லை.

முதல் தடவை என்பதால் எச்சரித்து அனுப்பிவிடுவதாகச் சப் இன்ஸ்பெக்டர் சார் தயவாகச் சொன்னார். அந்தத் தயவு வேண்டாம். எச்சரிக்கை என்றால் குடித்தேன் என்றுதான் ஊரில் அர்த்தம். என்னை இப்போதே சர்க்கார் டாக்டரிடம் அனுப்புங்கள்; அவர் வாயை முகர்ந்து, விழுங்கவும் வைத்துப் பார்க்கட்டும். குடித்திருந்தால் சிறையில் போடுங்கள். குடிக்கவில்லையென்றால் குடிக்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள். நாளைக்குள் அந்தக் காகிதம் ஐயர் கைக்குப் போக வேண்டும்.

நான் சொன்னது இதுவே, நடந்ததும் இதுவே. படித்துக் காட்டக் கேட்டேன். கடைசியில் "எச்சரித்து அனுப்பப்பட்டார்" என்றிருந்த வரியை என் எதிரில் அடித்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) அ. தனசிங்