ஏழாம் நம்பர் கடை

— இன்னொரு தடவை படிங்கக்கா. மெதுவா.

— மூணு தடவை படிச்சாச்சு புவன். கடல் அரிச்ச நம்ம கடற்கரைக்கு நானூறு மீட்டர் மணல் கொட்டுறாங்க. மார்ச்ல வேலை ஆரம்பம். இப்ப இருக்கிற கடைக்காரங்க எல்லாருக்கும் புது மணல்ல இடம். நகராண்மைக் கழகத்து சீல் இருக்கு, கையெழுத்து இருக்கு.

— அஞ்சு வருஷம் லா.

— அஞ்சு வருஷம் ரெண்டு மாசம். முப்பத்தெட்டு லெட்டர். எல்லாம் ஃபைல்ல இருக்கு.

— சூலியா தெருவுல மழையில நின்னு கையெழுத்து வாங்கினோமே, அந்தக் காசுமாத்துறவர் என்னா சொன்னாரு? “ஆலிஸ், கடலுக்கே மனு போடுறியா”ன்னு.

— அவருக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டேன். நேர்ல போய்க் குடுக்கணும். அதுக்கு முன்னால எனக்கு ஒரு மீ கோரெங் போடு, நூடுல்ஸ் நல்லா வறுபடட்டும். முட்டை ரெண்டு. ஏன் மூஞ்சி அப்படிப் போவுது?

— இப்ப இருக்கிற கடைக்காரங்கன்னு சொன்னீங்கல்ல. அந்த லிஸ்ட்ல நான் இல்லக்கா.

— என்னாது?

— தீபாவளிக்கு முந்தின வாரம் அலை அடுப்பு வரைக்கும் ஏறிச்சே. மறுநாளே இடத்தைத் திருப்பிக் குடுக்கிறேன்னு ஃபாரம் அனுப்பிட்டேன். செபராங் ஜெயாவுல மச்சான் கடைக்குப் போயிடலாம்னு.

— என்கிட்ட காட்டாமலா?

— காட்டினா விட்டிருப்பீங்களா? வெக்கமா இருந்துச்சு. நீங்க மணலைக் கொண்டு வர எழுதிக்கிட்டு இருக்கீங்க, நான் பக்கத்துல உக்காந்து ஓடிப்போற லெட்டர் எழுதறேன்.

— அதான் உன் பேருக்கும் ஒரு கவர் வந்திருக்கு. நம்ம கடைக்காரங்க சங்கத்து விலாசம் போட்டிருக்க.

— பழக்கம் லா. பிரிக்காதீங்கக்கா. இன்னைக்கு ஒரு நாளாச்சும் சந்தோஷமா இருப்போம்.

— வந்த லெட்டரைப் பிரிக்காம ஃபைல்ல வெக்கிற ஆளா நான்? இரு... புவன், ஃபாரத்துல கடை நம்பர் என்னா எழுதின?

— ஏழு. வேற என்னா? போர்டைப் பாருங்க.

— போர்டு கிடக்கட்டும். ஏழாம் நம்பர் இடம் எங்க இருக்கு?

— அதோ, தண்ணிக்குள்ள ரெண்டு கட்டை தெரியுதே, அங்கதான் இருந்துச்சு. மூணு வருஷம் முன்னால கடல் எடுத்துக்கிச்சு. அப்புறந்தானே என்னைச் சுவரோரம் தள்ளி வெச்சாங்க.

— சுவரோரத்துக்குப் புது நம்பர் குடுத்தாங்களே?

— பதினஞ்சோ என்னமோ. யாரு அதைச் சொல்றா? ஊருக்கே இது ஏழாம் நம்பர் மீ தான். ஏன்க்கா சிரிக்கிறீங்க? சொல்லிட்டுச் சிரிங்க.

— முப்பத்தெட்டு லெட்டர்ல ஒரு நம்பர் தப்பாம எழுதினவ நான். நீ ஒரே ஒரு லெட்டர் எழுதின, அதுலயும் நம்பர் தப்பு. ஏழாம் நம்பர் இப்போ கடல், அதைத் திரும்ப வாங்கிக்க முடியாது, உங்க பேர்ல இருக்கிறது பதினஞ்சு, அது அப்படியே இருக்குன்னு பதில் போட்டிருக்காங்க.