எட்டரை போதும் என்றேன்

டர்போ வண்டிக்குக் கம்ப்ரெஷன் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரு பதில் இருக்கும். இன்ஜினைத் திறந்தே பார்க்காதவர்களிடம் இரண்டு இருக்கும். என் தம்பியிடம் மூன்று இருந்தது.

விஷயம் எளிதுதான், சார். சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் எத்தனை மடங்கு நசுக்குகிறது, அதுதான் கம்ப்ரெஷன். டர்போவோ காற்றை முன்கூட்டியே திணித்து அனுப்புகிறது. மூக்குமுட்டச் சாப்பிட்டவனுக்கு இடுப்புப் பெல்ட்டை இறுக்கக் கூடாது. அதனால் எங்கள் பந்தய வண்டிக்கு எட்டரை மடங்குதான் வைப்பேன். கொஞ்சம் சோம்பலாகக் கிளம்பும். ஆனால் ஓட்டுகிறவன் வீட்டுக்குத் திரும்பி வருவான்.

தம்பி ஓட்டுவான், நான் கட்டுவேன். வெளியே அவனுக்குப் 'புயல்' என்று பெயர். எனக்குப் 'புயலோட அண்ணன்' என்று பெயர். வண்டி ஜெயித்தால் தம்பியின் கைவண்ணம், தோற்றால் அண்ணனின் இன்ஜின். இந்த வேலைப் பிரிவினை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது, அம்மா உட்பட.

இதற்கு முந்தின பந்தயத்தில் கோப்பை வாங்கியதும் தம்பி மைக்கைப் பிடித்தான். "எங்கண்ணன் கட்டுன இன்ஜினை வச்சுக்கிட்டே ஜெயிச்சுட்டேன். அப்ப என் திறமையைப் பாத்துக்குங்க!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கைகூடத் தட்டினேன். வயிறு எரிந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்த வாரம் பட்டறைக்கு வந்து, "பத்து வைண்ணே. எட்டரையெல்லாம் கிழவங்க வண்டிக்கு" என்றான். வழக்கமாகத் திட்டி அனுப்புவேன். இந்த முறை சரி என்றேன். கேட்டதைக் கொடுக்காத அண்ணன் என்ற கெட்ட பெயர் எனக்கு எதற்கு? தலை மேடான பிஸ்டன்களைப் போட்டேன், சிலிண்டர் ஹெட்டை இழைத்து மெலிதாக்கினேன். அவன் பத்து கேட்டான். கூடப் பிறந்தவனாயிற்றே என்று பதினொன்று கொடுத்தேன். டர்போவின் அழுத்தத்தை மட்டும் குறைக்கவில்லை. அதை அவன் கேட்கவில்லையே.

அளவுக்கு மீறி நசுக்கினால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவது போலச் சத்தம் வரும், பிஸ்டன் உருகும். அந்தச் சத்தத்தைக் கேட்டு இன்ஜினை அடக்க ஒரு சென்சார் உண்டு. அதைச் செவிடாக்கினேன். என் எச்சரிக்கையையே கேட்காதவனுக்கு அதன் எச்சரிக்கை எதற்கு?

அரை வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். "இப்பதாண்ணே நீ இன்ஜின் கட்டியிருக்க." எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருடமாகக் காத்திருந்த வார்த்தை. அப்போதே ஹெட்டைக் கழற்றியிருக்கலாம்தான். கழற்றினால் அந்தப் பாராட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பந்தயத்தன்று அவன் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, வண்டி ஒண்ணும் பண்ணாதில்ல?"

"நான் கட்டினதும்மா" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

பாதையின் நீண்ட நேர்ப்பகுதியில், முழு வேகத்தில், பிஸ்டன் உடைந்தது. பிஸ்டனோடு பிணைந்த கனெக்டிங் ராடு இன்ஜினைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது, ஆயில் கொதிக்கிற டர்போவின் மேல் கொட்டியது. வண்டி எரிந்தது. தம்பி வெளியே வரவில்லை.

இன்ஜின் போகும், அவன் வாய்க்கொழுப்பு கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான் நான் நினைத்தது. சத்தியமாக. அப்படியென்றால் சீட்டுக்குப் பின்னால் இருந்த தீயணைப்பானை ஏன் கழற்றினாய் என்கிறீர்கள். எடையைக் குறைக்கத்தான், சார். எடை குறைந்தால் வண்டி வேகமாகப் போகும். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

உங்களிடம் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. விசாரிக்க உள்ளே வந்ததும், இந்த இன்ஜினைக் கட்டியது யார் என்று கேட்டீர்கள். இத்தனை வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். நான்தான், சார். முழுக்க முழுக்க நான்தான்.