முப்பத்தெட்டுத் தப்படி

இந்தக் காலத்து ஆட்களுக்கு வெளியே மழை பெய்கிறதா என்று பார்க்க ஜன்னல் வரைக்கும் நடக்க முடியவில்லை. நனைந்துகொண்டே நிற்பான், போனில் வெயில் என்று போட்டிருந்தால் வெயில் என்பான். நானாகத் தேடிப் போன போலீஸ் அதிகாரியும் அப்படித்தான். மேஜைமேல் ஒரு சின்ன மெஷினை வைத்து, "பேசுங்க பெரியவரே, இது எல்லாத்தையும் கேட்டுக்கும்" என்றார். "அப்போ நீங்க எதுக்கு சார்?" என்றேன். குனிந்தபடியே சிரித்தார். நல்ல மனுஷன்தான்.

நான் போர் போடுகிறவன். நாற்பத்தோரு வருஷம். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. ஆனால் மேலே வரும் மண்ணை உள்ளங்கையில் கசக்கினால் கீழே என்ன இருக்கிறது என்று சொல்வேன். தம்பி அல்பாயுசில் போனபின் அவன் மகனை நான்தான் வளர்த்தேன். எனக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். அப்போது அவனுக்கு ஏழு வயது. பிறகு இன்ஜினியர் ஆனான். பெரிய கட்டடங்களைப் பூமிச் சூட்டால் கதகதப்பாக வைக்க வரைபடம் போடுகிற வேலை.

நூறு மீட்டர் கீழே போய்விட்டால், மேலே பனி கொட்டினாலும் சூடு மாறாது. குழி போட்டுக் குழாயை இறக்கித் தண்ணீரைச் சுற்றவிட்டால், அது அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வரும். மெஷின் அதைக் கூட்டிக் கட்டடத்துக்குள் விடும். எத்தனை குழி என்பது அவன் கணக்கு. போடுவது என் வேலை.

குளிர்காலத்தில் பனி கொட்டுகிற எங்கள் ஊரில் நூற்றைம்பது பேர் தங்குகிற மாதிரி ஒரு முதியோர் இல்லம் கட்டினார்கள். அந்த மைதானம் எனக்குப் பழக்கம். முன்பு தண்ணீருக்காக அங்கே மூன்று இடத்தில் போட்டிருக்கிறேன். இரண்டில் புழுதிதான் பறந்தது. கிழக்கு ஓரத்தில் மட்டும் ஊற்று. ஈர மண் சூட்டைத் தாராளமாகக் கொடுக்கும். காய்ந்த மணல் கொடுக்காது. இதைச் சொல்லத்தான் அவனிடம் போனேன். பக்கத்தில் கட்டட முதலாளிகள் நாலு பேர்.

"டேய் தம்பி, கீழ வெறும் மணல்டா. நீ நெனைக்கிறதுக்கு ரெண்டு மடங்கு குழி வேணும்."

"அதெல்லாம் டெஸ்ட்ல தெரிஞ்சிடும்" என்றான். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "இவர் நம்ம டிரில்லர். இன்னும் மண்ண மோந்து பாத்து ஜோசியம் சொல்ற ஆளு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டிரில்லர். குழி தோண்டும் ரிக் வண்டியோடு வாடகைக்கு வந்தவன். அன்றிலிருந்து பெரியப்பா என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை.

டெஸ்ட் என்பது வேறொன்றுமில்லை. முதலில் ஒரே ஒரு குழி. அதில் இரண்டு நாள் சுடுதண்ணீரைச் சுற்றவிட்டு, மண் எப்படிச் சூட்டை இழுக்கிறது என்று மெஷின் பார்க்கும். மொத்தக் கட்டடமும் அந்த ஒரு குழியை நம்பித்தான். மைதானத்து நடுவில் சிவப்பு முளை அடித்துவிட்டு அவன் போய்விட்டான். மறுநாள் காலை அதைப் பிடுங்கினேன். கிழக்கே முப்பத்தெட்டுத் தப்படி நடந்து அடித்தேன். அங்கே போட்டேன். எங்கே போட்டேன், என்ன மண் வந்தது என்று எழுதிக்கொடுக்கிற பாரத்தில் 'நடு மைதானம்' என்று எழுதி, அவன் கற்றுக்கொடுத்த கையெழுத்தைப் போட்டேன்.

மெஷின் கொண்டுவந்த ஆட்களுக்கு எந்த இடமும் ஒன்றுதான். அவன் ஒரு தடவை வந்து, முளை ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வரவில்லை. போன்தான் வந்தது.

"ரிசல்ட் பிரமாதம். மணல் மணல்னு பயமுறுத்துனீங்களே."

"மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

நூற்றிருபது குழி வேண்டிய இடத்தில் அறுபதோடு நிறுத்தினான். அவசரத்துக்கு ஒரு பாய்லர் வைக்கலாமே என்றார்களாம். தேவையில்லை என்று அடித்துவிட்டான். குழிக்குக் குழி புழுதி பறந்தது. நான் 'ஈர மண்' என்றே எழுதிக்கொண்டு போனேன். ஒரு பாரத்துக்கு ஒரு பாரம் முரணாக இருக்கக் கூடாது அல்லவா.

முதல் குளிர்காலம் நன்றாகவே போனது. மணல் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தது. கோடையில் அது திரும்பச் சேரவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் கூடுதல் போர்வை கேட்டார்கள். அவன் மெஷினைத் திருகிக்கொண்டிருந்தான். மூன்றாவதில் பனி விழுந்து சாலை நாலு நாள் அடைபட்டது. கீழே குழாயைச் சுற்றி மண் உறைந்தது. மெஷின் நின்றது. வடக்குப் பக்க அறைகளில் ஒன்பது பேர். ஒருவர் தபால்காரராக இருந்தவர். சாக்ஸுக்கு மேல் சாக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்த வாக்கிலேயே போயிருந்தாராம்.

வரைபடத்தில் அவன் கையெழுத்து. அதனால் அவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நேற்றுப் பார்க்கப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"பெரியப்பா, எங்க தப்பு பண்ணேன்னே தெரியல பெரியப்பா."

அந்த வார்த்தை வாயில் வர மூன்று வருஷமும் ஒன்பது பேரும் ஆனது. வந்துவிட்டதால்தான் இன்றைக்கு வந்து சொல்லிவிட்டேன்.

எல்லாம் முடிந்ததும் அதிகாரி ஒரு ரெஜிஸ்டரைப் புரட்டினார். "உங்க அக்காவும் அங்கதான இருந்தாங்க? பனி விழறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி நீங்க வந்து கூட்டிட்டுப் போயிருக்கீங்க. ஏன்?"

"அவளுக்குக் குளிர் ஆகாது சார்" என்றேன்.

அவர் கையை நீட்டி மெஷினை நிறுத்தினார். அத்தனை நேரத்தில் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் ஏதோ எழுதினார். எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். கொலை என்று எழுதியிருந்தார்.

எழுந்துவிட்டேன். கூட ஒரு காவலர் வந்தார். நீளமான நடை, இருபக்கமும் பூட்டிய கதவுகள். நான் முளையை நகர்த்தினேன், இல்லையென்று சொல்லவில்லை. அங்கே ஊற்று இருந்தது. மெஷின் இருப்பதைச் சொன்னது. வந்து பார்க்காதவன் அவன். நடந்துகொண்டே திரும்பத் திரும்ப யோசித்தேன். அந்த அதிகாரி எதை வைத்து அப்படி எழுதினார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.