வாயு மூலை, ஈசானி மூலை

ஜெயசுதா: மோந்து பாக்கச் சொல்றியே ரோஸ்லினு, நான் இன்னா நாயா?

ரோஸ்லின்: ஒரு வாட்டிதான்க்கா. கொடத்துல மூக்க வையி.

ஜெயசுதா: ...லேசா இரும்பு வாசன.

ரோஸ்லின்: எந்த இரும்புக்கா இப்பிடி நாறும்? எம்பொண்ணு ஸ்டெஃபிக்கு இந்த மாசத்துல மூணாவது தடவ வயித்தால போவுது. மூணு வயசுப் புள்ள, இடுப்புல பாவாட நிக்கல. போர் தண்ணியான்னு டாக்டரம்மா கேட்டாங்க. கக்கூஸ் டேங்கு எத்தினி அடி தள்ளி இருக்குன்னாங்க.

ஜெயசுதா: எத்தினி சொன்ன?

ரோஸ்லின்: நாலு. நடுவுல செவுரு.

ஜெயசுதா: பாத்தியா... செவுரு இருக்குதே.

ரோஸ்லின்: செவுரு மண்ணுக்கு மேலக்கா. தண்ணி கீழ போவுது.

ஜெயசுதா: டேங்கு வாயு மூலையிலதான் வரணும்னு வாஸ்துக்காரரு சொன்னாரு. நானா எடம் புடிச்சன்?

ரோஸ்லின்: உன் வூட்டு வாயு மூலதான் எங்கூட்டு ஈசானி மூல. எங்க போரு அங்கதான் இருக்கு.

ஜெயசுதா: சர்ச்சுக்குப் போறவளுக்கு ஈசானி மூல எதுக்குடி?

ரோஸ்லின்: அது... எம் மாமனாரு, சேவியரோட அப்பா பாத்து போட்டது. தண்ணி விஷயத்துல அவரு எல்லா சாமியயும் கேட்டுப்பாரு.

ஜெயசுதா: கொம்யூன் பஞ்சாயத்துல கொழா கேளேன்.

ரோஸ்லின்: கேட்டன். பட்டா எங்கன்றாங்க. பொறம்போக்குல குந்தினுகீறவளுக்கு பட்டா எங்க இருக்கும்? அத வுடு. உங்கூட்ல ஆறு பேரு. அஞ்சு வருஷத்துல ஒரு தடவகூட டேங்கு எடுக்க லாரி வரலியே, எப்பிடிக்கா?

ஜெயசுதா: நாங்க கொஞ்சமா சாப்புடறவங்க.

ரோஸ்லின்: ஞாயித்துக்கெழம வர்ற பிரியாணி வாசன யாரு வூட்டுது?

ஜெயசுதா: ...லாரி வந்தா மானம் போவுதுடி. உனக்கு அந்தப் பக்கம் கீற அமிர்தம் வூட்டுக்கு வந்தப்போ தெருவே மூக்கப் பொத்திக்கினு ஒரு வாரம் பேசுச்சி. நீயுந்தான் பேசுன.

ரோஸ்லின்: பேசுனன். தப்புதான். அதான், உன் டேங்கு கட்ன மணவாளன் மேஸ்திரிய வரச் சொல்லிகீறன். மூடியத் தொறந்து பாக்கட்டும்.

ஜெயசுதா: எங்கிட்ட கேக்காமயா...

மணவாளன்: கூப்ட்டியாம்மா?

ஜெயசுதா: வா மேஸ்திரி. அன்னிக்கி அடியில காங்கிரீட்டு தளம் போட்டமே... நல்லா யோசிச்சி சொல்லு.

மணவாளன்: ஒரு டீ குடிச்சிட்டு யோசிக்கட்டா?

ரோஸ்லின்: மழுப்பாதண்ணா. புள்ள மூணு நாளா படுத்துகினு கீது.

மணவாளன்: ...தளம் இல்லம்மா. மண்ணே குடிச்சிக்கும், ரொம்பாது, லாரி வாணான்னாங்க. சிமிட்டி உறைய மட்டும் எறக்கி மூடிட்டன். இந்தத் தெருவுல அமிர்தம் வூட்டத் தவுத்து பன்னண்டு வூட்டுலயும் அப்பிடித்தான்.

ஜெயசுதா: நானா ஒண்ணும் சொல்லல. பக்கத்து வூட்ல எப்பிடியோ அப்பிடியேன்னன்.

ரோஸ்லின்: ...எந்தப் பக்கத்து வூடு?

ஜெயசுதா: எனக்கு எத்தினி பக்கம் வூடு இருக்கு? அந்தாண்ட ரோடு.

மணவாளன்: ஆமா ரோஸ்லினம்மா. மொதல்ல உங்களுதுதான் கட்டுனன். அதே மூல, அதே உறை.

ஜெயசுதா: சரி வுடு. கொயந்த எப்பிடி கீது இப்போ?

ரோஸ்லின்: கஞ்சி குடுத்தன். அதுவும் நிக்கல.

ஜெயசுதா: ...மேஸ்திரி, என்னுத மூடிடு. வேற எங்க கட்றது?

மணவாளன்: தெருப்பக்கம். தளம் போட்டு. வருஷா வருஷம் லாரி வரும்.

ஜெயசுதா: தலவாசல்லயா? வாஸ்துக்காரரு இன்னா சொல்வாரு?

ரோஸ்லின்: இந்தத் தண்ணியில ஒரு டம்ளர் குடிக்கச் சொல்லு. அப்பறம் சொல்லட்டும்.

மணவாளன்: அப்போ நாளைக்கி இவங்க வூட்ல ஆரம்பிக்கட்டா?

ரோஸ்லின்: எங்கூட்ல ஆரம்பிண்ணா. போன மாசம் அமிர்தம் அக்கா இதே மாரி ஒரு கொடத்தத் தூக்கிக்கினு வந்தாங்க... எங்க டேங்குக்குத் தளம் போட்டிருக்குதுன்னு மாதா மேல சத்தியம் பண்ணி அனுப்பிட்டன்.