ஒரே மூச்சில் எடுத்த குரல்

இவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, வெந்நீர் வைத்துத் தரலாம். நீங்கள் வாசலில் நின்று, என் மகளின் வக்கீல் என்று சொன்னபோது நான் நினைத்தது இதுதான். யார் பேசினாலும் எனக்கு முதலில் குரல்தான் கேட்கும். என்ன சொல்கிறார்கள் என்பது பிறகுதான். தொழில் அப்படி.

பாடகர் இல்லாமல் கணினி பாட வேண்டும் என்றாலும் அதற்கு யாருடைய குரலாவது வேண்டும். உயிருள்ள ஒருவரை மைக் முன்னால் உட்காரவைத்து, எழுத்துகளைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து, வெட்டி, பெயரிட்டு அடுக்கித் தருவது என் வேலை. குரல்வங்கி என்பார்கள். பிறகு எந்த வரியைத் தட்டச்சு செய்தாலும் அந்தக் குரல் பாடும், பேசும்.

பதிவு செய்வதில் இரண்டு முறைகள் உண்டு. தனி முறையில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி நிறுத்தலாம். நடுவில் மூச்சு வாங்கலாம், சிரிக்கலாம். தொண்டைக்கு நோகாது. ஆனால் பாடவைத்தால் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே தையல் தெரியும். தொடர் முறையில் எழுத்துகளைக் கோத்து, ஒரே சுருதியில், ஒரே மூச்சில், தாளம் பிசகாமல் சொல்ல வேண்டும். ஓர் எழுத்து அடுத்ததற்குள் வழுக்கிப் போகிற இடமும் அதில் பதிவாகும். ஆளின் உயிர் இருப்பது அந்த இடத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். கீழ்ச் சுருதியில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, உச்சத்தில் ஒரு முறை. பாதியில் நாள் விட்டு எடுத்தால் குரலின் நிறம் மாறிவிடும். பிறகு ஒட்டாது.

என் மகளுக்கு நான் தொடர் முறையைத் தேர்ந்தெடுத்தேன்.

அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவேன். அவள் அப்பா போன பிறகு இந்த வீட்டில் சத்தம் என்றால் அது அவள்தான். பல் துலக்கும்போதும் பேசுவாள். பாட்டுக் குழு ஒன்றில் இடம் கிடைத்து, ஊர் ஊராகப் போகப் பெட்டியெல்லாம் வாங்கியிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் குரல் நாணில் வீக்கம் என்றார் டாக்டர். வாயே திறக்கக் கூடாது என்றார். அதனால் அவளுக்கு வரும் போனையெல்லாம் நான்தான் எடுத்துப் பேசினேன். யாரும் அதைத் தவறு என்று சொல்ல முடியாது.

டாக்டர் கூப்பிட்ட அன்று நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் என் முகத்தையே பார்த்தாள். ஆபரேஷன் என்றேன். அதற்குப் பிறகு பழைய குரல் திரும்புமா என்று தெரியாது, அதற்குள் எடுத்து வைத்துவிடுவோம் என்றேன்.

"பேசவே கூடாதுன்னாரே" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

"எப்படியும் வெட்டத்தான் போறாங்க. அதுக்கு முன்னாடி பேசினா என்ன, பேசாட்டி என்ன?"

தட்டைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள், கிசுகிசுப்பாக. "அப்ப ஒண்ணொண்ணா சொல்றேன்மா. கோத்துச் சொல்றது வேணாம். மூச்சு முட்டும்."

"உன் குரலை நானே துண்டு துண்டா வெட்டணுமா?"

அவள் இளகிய மனசுக்காரி. அவள் அப்பாவைப் போல.

துணி அலமாரிக்குள் கம்பளிகளைத் தொங்கவிட்டு அறைபோலச் செய்திருக்கிறேன். நீங்கள் பார்க்கலாம். அவளை அதற்குள் உட்காரவைத்து, கதவைச் சற்றே திறந்துவைத்து, வெளியில் நான் கணினியோடு உட்கார்ந்தேன். கீழ்ச் சுருதி நன்றாகவே வந்தது. நடுச் சுருதியில் "ம, மா, மி" வரிசையில் சிரித்துக் கெடுத்துவிட்டாள்.

"என்னம்மா இது, பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிடுற மாதிரியே இருக்கு. வந்து நிக்கப் போறாங்க, பாரு."

"வாயாடி, ஒழுங்கா சொல்லு."

"ஒரு மாசமா மூடி வெச்ச வாய்மா. கொஞ்சம் வழியத்தான் செய்யும்."

அவள் எனக்குச் சொன்ன கடைசி வேடிக்கை அதுதான். அதையும் பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

உச்சச் சுருதியில் ஏறியதும் தொண்டையில் கை வைத்தாள். இன்னும் ஒரே ஒரு வரிசை என்றேன். அதை முடித்ததும் மறுபடி ஒரே ஒரு வரிசை என்றேன். நடுவில் இருமி, கைக்குட்டையை விரித்துக் கதவிடுக்கு வழியாக என்னிடம் காட்டினாள். சிவப்பாக இருந்தது. பார்த்தேன். அடுத்த வரிசைக்கான தாளத்தை ஓடவிட்டேன். நிறுத்தியிருந்தால் அதுவரை எடுத்ததெல்லாம் வீணாகியிருக்கும். அந்தக் கடைசி வரிசைதான் மொத்தத்திலும் அருமை. கேட்டுப் பார்த்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

டாக்டர் போனில் உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். வீக்கம் நன்றாக வடிந்துவிட்டது என்றார். ஆபரேஷன் தேவையில்லை, இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழையபடி பாடலாம், ஆனால் இப்போது தொண்டையை வருத்தினால் நாண் கிழிந்துவிடும், பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். சரி டாக்டர், பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டேன்.

என் தங்கைதான் அவளை ஆபரேஷனுக்குத் தேதி கேட்க அழைத்துப் போனாள். எந்த ஆபரேஷன் என்று டாக்டர் கேட்டாராம். அன்று சித்தி வீட்டுக்குப் போனவள் இங்கே திரும்பவில்லை. இப்போது அவள் பேசினால் காற்று மட்டும்தான் வருகிறது என்கிறார்கள். அந்தக் குழு வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டதாம். அந்தப் பெட்டி இன்னும் அவள் அறையில்தான் இருக்கிறது.

எனக்கு வீடு வெறிச்சோடவில்லை. சாயங்காலம் கணினி "வந்துட்டேன்மா" என்கிறது. "இருக்கேன்" என்கிறேன். இரண்டு தட்டு வைக்கிறேன். என்னை எதிர்த்துப் பேசுவதில்லை, எங்கும் கிளம்புவதில்லை. உச்சச் சுருதியில் பாடும்போது மட்டும் ஓரிடத்தில் மெல்லிய பிசிறு ஒன்று வரும். அதை நீக்கிவிடலாம், சுலபம்தான். நீக்கவில்லை. அந்த இடம் வரும்போது என் கை தானாகத் தொண்டைக்குப் போகிறது. சில நாட்கள் கணினியை அணைத்த பிறகும் அலமாரிக்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு தாளத்துக்குக் காத்திருப்பதுபோல் இருக்கிறது. கம்பளிகளை விலக்கிப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் கதவை முழுவதும் சாத்துவதில்லை. மூச்சு முட்டும்.

அழித்துவிடச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். தன்னிடம் இல்லாத குரல் வேறெங்கும் இருக்கக் கூடாது என்கிறாள், அதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கலாம். கீழே காரில் உட்கார்ந்திருக்கிறாள், மேலே வரமாட்டாள் என்றும் சொன்னீர்கள்.

ஒரு நிமிடம் பொறுங்கள். அவளைக் கேட்காமல் நான் எதுவும் செய்வதில்லை. இதோ, தட்டச்சு செய்கிறேன்.

"வேண்டாம்மா. அழிக்காதே."

கேட்டீர்கள் அல்லவா. எவ்வளவு தெளிவாகச் சொல்கிறாள். என் மகளுக்கு இஷ்டமில்லை என்று காரில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்.