நங்கையா தின்ற முதல் சிட்டிகை

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் வேலாங்காட்டுவலசு சாமியாத்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சோறாக்க வந்தவர். ஒரு மழை நாளில், அடுப்பில் பருப்பு வேகும் நேரத்துக்குள் சொல்லி முடித்தார். தாம் இந்தக் கதையில் வரும் மருதாயியின் கொடிவழி என்றும் சொல்லிக்கொண்டார். "எங்க வீட்டுப் பக்கம் இப்படித்தானுங்க டீச்சர் சொல்லுவாங்க. பாவாத்தா புகுந்த வீட்டுப் பக்கம் கேட்டீங்கன்னா வேற மாதிரி சொல்லுவாங்க" என்று முன்கூட்டியே எச்சரித்தார். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

முன்னொரு காலத்திலே, வேலாங்காட்டுவலசுக்கு வண்டித்தடம்கூட விழாத காலத்திலே, அந்த ஊரில் பாவாத்தாள் என்று ஒருத்தி இருந்தாளாம். கலியாணமான மறு வருஷம் அவள் கணவன் ஒரு விருந்துக்குப் போய்வந்தான். மறுநாள் செத்துப்போனான். என்ன தின்றான், யார் கையால் தின்றான் என்று கேட்டாள். ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் யாரையும் நம்பவில்லை. தம்பி சென்னியப்பன் வீட்டுக்கு வந்து, தம்பியின் செம்மறிப் பட்டியைப் பார்த்துக்கொண்டாள். யார் வீட்டில் எதைக் கொடுத்தாலும் முதலில் கோழிக்கு ஒரு கை வைப்பாள். கோழி தின்று, சிறகை உதறி, நாலடி நடந்த பிறகுதான் தான் வாயில் வைப்பாள். "கோழிக்கு வச்சாச்சா நங்கையா?" என்று, நாத்தனாரைக் கூப்பிடும் முறையாலேயே அழைத்து, ஊரே கேலி செய்யும். அவள் சட்டை செய்ய மாட்டாள்.

சென்னியப்பனுக்கு மலையடிவாரத்து ஊரிலிருந்து பெண் எடுத்தார்கள். மருதாயி என்று பேர். சீராக அவள் அப்பன் பதினான்கு செம்மறிக் குட்டிகளை ஓட்டிவிட்டான். பதினான்கும் பெட்டைக் குட்டிகள். ஒரு கிடாக்குட்டிகூட இல்லை. பட்டி பெருகட்டும் என்று கொடுத்த சீர் அது. பாவாத்தாள் பதினான்கையும் வாய் பிளந்து பல் பார்த்தாள். கண்ணிமை இழுத்துப் பார்த்தாள். குறை ஒன்றும் இல்லை. குறை இல்லாததையே அவள் நம்பவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது. வருஷா வருஷம் வருவது அந்த வருஷமும் வந்தது. வீட்டுக் குட்டிகள் கழிந்தன. வயிறு பானைபோல் உப்பியது. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. இமையை இழுத்தால் சிவப்பில்லை, வெள்ளையாக இருந்தது. "மழைச் சீக்கு. இருக்கிறது இருக்கும், போறது போகும்" என்று ஊரார் சொன்னார்கள். அப்படித்தான் எப்போதும் சொல்வார்கள்.

அப்போதுதான் பாவாத்தாள் அதைப் பார்த்தாளாம். விடியும் நேரம். மருதாயி பட்டிக்குள் குந்தியிருக்கிறாள். இடுப்பில் ஒரு சுருக்குப் பை. எதையோ இடித்த பொடியைத் தவிட்டில் போட்டு, பனைவெல்லம் பிசைந்து, சிறுசிறு உருண்டையாக்கி, வீட்டுக் குட்டிகளுக்கு ஊட்டுகிறாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பாவாத்தாள் மூச்சுக் காட்டாமல் பார்த்தாள். பார்த்தவளுக்கு ஒன்று உறைத்தது. இவள் நம் குட்டிகளுக்கு மட்டும் வைக்கிறாள். தன் குட்டிகளுக்கு வைக்கவில்லை. மறுநாளும் பார்த்தாள். நம் குட்டிக்கு உண்டு, அவள் குட்டிக்கு இல்லை. மூன்றாம் நாளும் பார்த்தாள். அப்படியேதான்.

நான்காம் நாள் காலையில் பட்டியைக் கூட்டப் போன பாவாத்தாள் போட்ட சத்தத்தில் ஊரே ஓடிவந்ததாம். வீட்டுக் குட்டிகளின் புழுக்கையில் புழு. ஒன்றிரண்டல்ல, சந்தகை, அதாவது இடியாப்பம், பிழிந்துவிட்டதுபோல வெள்ளை வெள்ளையாய் இழை. சில இன்னும் நெளிந்தன.

"பதினெட்டு வருஷமா இந்தப் பட்டியைக் கூட்டுறேன். ஒரு புழு கண்டதில்லை. இவ தீனி வச்சா, புழு வருது. என்ன வச்சே புள்ள?"

"புரச மரத்து விதைங்க நங்கையா. தோலெடுத்து இடிச்சது. எங்கூர்ல மழை பிடிச்சா வெறும் வயித்துல வைப்பாங்க. புழு வெளிய வந்தது நல்லதுங்க. உள்ளதான் இருந்துச்சுங்க."

"உள்ள இருந்ததை நீ எட்டிப் பார்த்தியா?"

பக்கத்து வீட்டு ஆராயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஆட்டுக்கு மருந்து வச்ச கை, ஆம்பளைக்கு வைக்காம இருக்குமா? சென்னியப்பன் முகத்தைப் பாருங்க, முன்னைப்போலயா இருக்குது?" என்றாள். எல்லாரும் சென்னியப்பன் முகத்தைப் பார்த்தார்கள். அது முன்னைப்போலவேதான் இருந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

"நல்ல மருந்துன்னா உன் குட்டிக்கு ஏன் வைக்கலே? அதைச் சொல்லு" என்றாள் பாவாத்தாள்.

"விதை கொஞ்சந்தானுங்க இருந்துச்சு. வீட்டுக் குட்டி தாடை வீங்கி நின்னுதுங்க. அதுகளுக்கு முதல்ல வச்சேன். மிச்சம் ஏழு குட்டிக்குத்தான் வருமுங்க. எந்த ஏழுக்கு வைக்கிறது, எந்த ஏழை விடுறது? அப்பனுக்குச் சொல்லிவிட்டிருக்கேன்."

அடுத்தவள் குட்டிக்கு வைத்துவிட்டுத் தன் குட்டியை மருந்தில்லாமல் விடுகிறவள் உலகத்தில் ஒருத்தி இருப்பாளா? பாவாத்தாள் நம்பவில்லை.

"தம்பி, இவ கொஞ்ச நாளைக்கு அப்பன் வீட்டுல இருக்கட்டும்."

சென்னியப்பன் அக்காவைப் பார்த்தான், மருதாயியைப் பார்த்தான், கடைசியில் தன் காலைப் பார்த்தான். அவ்வளவுதான் அவன் பேசியது. மருதாயி சுருக்குப் பையைக் கழற்றிப் பட்டிப் படலில் மாட்டினாள். "நான் போறேனுங்க. என் குட்டிக தாடையை மட்டும் தெனமும் தடவிப் பாருங்க நங்கையா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். போனவள் திரும்பி வருவாளா, அவள் வாழ்க்கை அந்தப் படலோடு முடிந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.

அவள் தலை மறைந்ததும் ஆராயி கையை நீட்டினாள். "அந்தப் பையை இப்படிக் கொடு நங்கையா, அடுப்பில போட்டுட்டு வந்துடறேன்."

பாவாத்தாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். சாட்சியை எரிக்க இவளுக்கு என்ன இத்தனை அவசரம்? பையை உறியில் மாட்டிவிட்டாள். ஆராயியையும் அவள் நம்பவில்லை.

மழை விடவில்லை. பாவாத்தாள் காலையில் எண்ணினாள், உச்சியில் எண்ணினாள், பொழுது சாய எண்ணினாள். புழு கழித்த வீட்டுக் குட்டிகள் இன்று சாகும், நாளைக்குச் சாகும் என்று காத்திருந்தாள். அவை சாகவில்லை. தாடை வற்றியது. கழிச்சல் நின்றது. தாய் மடியை முட்டி முட்டிக் குடித்தன. மருதாயியின் குட்டிகளுக்குத்தான் தாடை வீங்கியது. ஒன்று செத்தது. அடுத்த நாள் இரண்டு செத்தன. பத்து நாளில் ஏழு செத்தன.

"பார்த்தியா, பொண்ணு போனா சீரும் போச்சு" என்றாள் ஆராயி.

பாவாத்தாள் ஏழாவது குட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போனாள். அரிவாளால் வயிற்றைக் கீறினாள். குடலைப் பிரித்தாள்.  உள்ளே அதே சந்தகை இழை. கட்டுக்கட்டாக. மருதாயியின் உருண்டையில் ஒன்றைக்கூடத் தின்னாத குட்டி அது. வெளியே ஒரு புழுவும் விடாத குட்டி. பதினெட்டு வருஷமாகக் கூட்டிய பட்டியில் புழுவைக் காணாதது ஏன் என்று அப்போது அவளுக்கு விளங்கியது. அத்தனையும் உள்ளேயே இருந்து, குட்டியோடு மண்ணுக்குள் போயிருக்கின்றன.

ஆராயியைக் கூப்பிட்டாள். சென்னியப்பனைக் கூப்பிட்டாள். "எட்டிப் பாருங்க" என்றாள். "உள்ள இருந்ததை எட்டிப் பார்த்தியான்னு கேட்டேனே, இப்ப நான் பார்த்துட்டேன்."

உறியிலிருந்த பையை இறக்கினாள். பட்டி வாசலில் கிடந்த தட்டைக் கல்லின்மேல் விதையைக் கொட்டினாள். காசுபோலத் தட்டையாகச் செம்பழுப்பு விதைகள். தோலெடுத்தாள், இடித்தாள், தவிட்டில் பிசைந்தாள், மருதாயி உருட்டிய அளவுக்கே உருட்டினாள். சரியாக ஏழு குட்டிக்கு வந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊர் கூடி நின்று பார்த்தது.

"முதல்ல கோழிக்கு வை நங்கையா!" என்று யாரோ சிரித்தார்கள். ஒரு கோழியும் மேய்ந்துகொண்டே பக்கத்தில் வந்தது. பாவாத்தாள் காலால் அதை விரட்டினாள். கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நாக்கில் வைத்துக்கொண்டாள். கசப்பில் முகம் கோணியது. துப்பவில்லை. விழுங்கினாள். ஊர் பார்க்கக் கல்லின்மேல் உட்கார்ந்து பொறுத்திருந்தாள். பிறகு எழுந்து ஏழு குட்டிகளுக்கும் தன் கையால் ஊட்டினாள். மூன்றாம் நாள் புழு விழுந்தது. ஏழில் ஒன்றுகூடச் சாகவில்லை.

அடுத்த வாரம் மலையடிவாரத்துக்கு நடந்து போனாள். ஒன்றரை நாள் நடை. மருதாயி வாசலில் நின்று பார்த்தாள். வாங்க என்றாள்.  ஒரு சட்டியில் கம்பங்கூழ் கொண்டுவந்து வைத்தாள். அந்த வீட்டுக் கோழி பாவாத்தாள் காலடியில் வந்து நின்றது. பாவாத்தாள் கோழியைப் பார்க்கவில்லை. சட்டியை இரண்டு கையாலும் எடுத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"கோழிக்கு வைக்கலீங்களா நங்கையா?"

"கோழிக்குப் பசிச்சா நீ வை அம்மிணி. எனக்கு வேண்டியதில்லை." சட்டியைக் கீழே வைத்தாள். "உன் குட்டி ஏழு செத்துப்போச்சு. நான்தான் சாகவிட்டேன். ஏழையும் திருப்பித் தருவேன். வீட்டுக்கு வா."

மருதாயி காலிச் சட்டியை எடுத்துக் கழுவி வைத்தாள். பிறகு சொன்னாளாம்: "வர்றேனுங்க. ஆனா கிடாக்குட்டி வாங்க மாட்டேனுங்க. அப்பன் கொடுத்தது பூராவும் பெட்டை."

வரும்போது ஒரு மூட்டை புரச விதையும் அவளோடு வந்தது. அது முதல் வேலாங்காட்டுவலசில் ஒரு வழக்கம் நிலைத்தது. ஐப்பசியில் குட்டித் தீனிக்குப் பொடி கலக்கும் நாளில், மறைவில் கலக்கக் கூடாது. பட்டி வாசல் கல்லின்மேல், நாலு பேர் பார்க்கக் கலக்க வேண்டும். வீட்டுக்கு மூத்தவள் முதல் சிட்டிகையைத் தன் நாக்கில் வைத்து விழுங்கிய பிறகே குட்டிக்கு ஊட்ட வேண்டும். தன் குட்டி, மருமகள் குட்டி என்று பிரித்து வைக்கக் கூடாது. அந்தத் தட்டைக் கல் இன்றும் அங்கே கிடக்கிறது. நங்கையாக் கல் என்பது அதன் பேர். அதன்மேல் யாரும் கால் வைப்பதில்லை.

கடன் மட்டும் உடனே தீரவில்லை. பாவாத்தாளுக்கென்று இருந்தவை நாலே தாய் ஆடுகள். தம்பி பட்டியிலிருந்து ஒரு குட்டியும் எடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். ஈனும் குட்டியில் பெட்டை விழுந்தால் கொண்டுபோய் மருதாயி முன் நிறுத்துவாள். மருதாயி தாடையைத் தடவுவாள், இமையை இழுத்துப் பார்ப்பாள். வெளுத்திருந்த ஒன்றை, "தேறட்டுமுங்க நங்கையா, அப்புறம் கொடுங்க" என்று திருப்பியும் அனுப்பினாள். இப்போது நம்பாதிருப்பது மருதாயியின் முறை. பாவாத்தாள் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். முதல் வருஷம் மூன்று கொடுத்தாள். அடுத்த வருஷம் இரண்டு. மூன்றாம் வருஷம் விழுந்ததெல்லாம் கிடா. நான்காம் வருஷம் ஒன்று. ஐந்தாம் வருஷம், கோலூன்றி நடக்கும் நிலையில், கடைசிக் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினாள். மருதாயி தாடையைத் தடவவில்லை. இமையை இழுத்துப் பார்க்கவில்லை. வாங்கிப் பட்டிக்குள் விட்டாள்.

மூன்றும் இரண்டும் ஐந்து, ஒன்று ஆறு, ஒன்று ஏழு. ஏழு பெட்டைக் குட்டிகள்.