எலிகளுக்கான வேண்டுதல்

பொன்னேரியில் மின்சார ரயில் ஏறிய பெண் உட்கார்ந்ததுமே தன் அம்மாவிடம், “என் எலி ஒண்ணுக்குக்கூட கேன்சர் வர்லம்மா” என்று அழாத குறையாகச் சொன்னாள். எதிர் இருக்கையில் இருந்த நான் செய்தித்தாளைத் தாழ்த்தினேன்.

“நல்லதுதானேடி?”

“இன்னா நல்லது? கேன்சருக்கு வெதை மாதிரி இருக்கிற செல்லை மட்டும் தனியா பிரிச்சி, லேப்ல எலிங்களுக்கு ஊசி போட்டுக்கினு இருக்கேன். கட்டி வளந்தாத்தான் அது வெதைன்னு நிரூபிக்க முடியும். இல்லாட்டி எனக்கு டாக்டர் பட்டமே கெடையாது.”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இன்னாம்மா?”

“எலிங்கள வச்சித்தான் படிப்புன்னு சொன்னியே. அதுங்க நோய்நொடி இல்லாம இருக்கணும்னு முருகன்கிட்ட வேண்டிக்கினேன்.”

“ஐயோ! போயி வாபஸ் வாங்கு.”

“எப்படிடி? தேங்காயே உடைச்சிட்டேனே.”